வாங்கிய பழைய வண்டியை ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பகுதியில் சில நாள் முன்பு வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியூரில் ஒரு பழைய காரை வாங்கி, பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கின கையோடு ஏறி உட்கார்ந்து, ராத்திரி பகலாக ஓட்டியே வீடு வந்து சேர்ந்தவரின் அனுபவம் அது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், படிக்கும்போது எனக்கே கை பரபரத்தது. ஆனால் பழைய வண்டிகளைப் பிரித்துக் கோர்ப்பதே என் பிழைப்பு என்பதால், அப்படிக் கிளம்பிப் பாதி வழியில் படுத்துவிட்ட வண்டிகளும் என்னிடம்தான் வருகின்றன, அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. உங்கள் வாசகர்களில் யாராவது இதே யோசனையில் இருந்தால் இதையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். கடிதம் நீண்டுவிட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

"ஓட்டிட்டு வரட்டுமா, லாரியில ஏத்திடட்டுமா?" என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது தூரத்தை. இத்தனை கிலோமீட்டர், தாங்குமா என்பார்கள். அடுத்து வண்டியின் வயது. அப்புறம் பெயின்ட் எப்படி மின்னுகிறது பாருங்கள் என்று போட்டோ போட்டோவாக அனுப்புவார்கள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த வண்டி கடைசியாக எப்போது இரண்டு மணி நேரம் தொடர்ந்து சாலையில் ஓடியது? போன மாதம் ஓடியது என்று பதில் வந்து, அதை நம்பக் காரணமும் இருந்தால், எண்பது வயது வண்டியானாலும் ஓட்டி வருவதைப் பற்றிப் பேசலாம். தெரியவில்லை என்றாலோ, நிறுத்தி நாலைந்து வருஷம் ஆகிறது என்றாலோ, வண்டி எவ்வளவு பளபளத்தாலும் சரி, தூரம் கம்மி என்றாலும் சரி, ஏற்றித்தான் வர வேண்டும்.

விற்பவர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. "வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுவேன்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், வாங்குகிறவர் அதை 'வண்டி ஓட்டத்தில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும், சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து உதிரும். அந்தப் பத்து நிமிஷத்தில் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, பிரேக் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை, பின் ஆக்சிலில் இருக்கிற ஆயில் அசையக்கூட இல்லை. ஆக, வாரா வாரம் ஸ்டார்ட் செய்து வைத்ததில் நமக்குத் தெரிகிற ஒரே விஷயம் பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதுதான். பல சமயம் நிறுத்தியே வைத்திருந்தால்கூட இன்ஜினுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

நின்ற வண்டியில் முதலில் சாகிறது ரப்பர். டயரைப் பார்த்தால் சாலையில் படுகிற பட்டன் முழு ஆழத்தோடு புதுசாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். குனிந்து, டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஆரம்பிக்கும் வரிசையைத் தேடுங்கள், அதன் கடைசி நாலு இலக்கம்தான் அது எப்போது செய்யப்பட்டது என்று சொல்லும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது, அதில் ஊர் எல்லையைக்கூடத் தாண்டாதீர்கள். டயர் செய்கிற கம்பெனிகள் பலவுமே பத்து வருஷத்துக்கு மேல் பழசானதை, பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும், கழற்றிவிடச் சொல்கின்றன. குறியீடே இல்லையென்றால் பழசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலால் பக்கவாட்டை அழுத்திப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு வாய் திறப்பது தெரியும். இந்த டயர் தெருவில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் செய்யாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறின பிறகுதான் மேல்பட்டை உரிந்து மட்கார்டை உள்ளிருந்தே அடித்துக் கிழிக்கும். பழைய மட்கார்டு ஒன்றைத் தேடிப் பிடிக்க எவ்வளவு அலைய வேண்டும் என்பது வாங்கினவர்களுக்குத் தெரியும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். நாலு டயரையும் புதுசாக மாற்றியவர்கள்கூட ஸ்டெப்னியைத் தொடாமல் விட்டிருப்பார்கள், வண்டியோடு வந்த ஸ்டெப்னியே இன்னும் டிக்கியில் கிடக்கும்.

அடுத்தது பிரேக், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. வருஷக்கணக்கில் மாற்றாத ஆயில் எங்கே இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீளமான இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, உள்ளே ஆவி சேர்ந்து, அடுத்த தடவை மிதிக்கும்போது பெடல் சும்மா தரையைத் தொடும். இதோடு இன்னொன்று, இந்த வயது வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் வழிதான். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு, கையில் இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும். அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வழி பிரேக் கட்டாயமானதே 1968இல்தான் என்றால், அதற்கு முந்தின வண்டிகளின் நிலைமை புரியும்.

இதைவிடக் கள்ளத்தனமான கோளாறு ஒன்று உண்டு. பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்பக்கம் ஊதிப்போய் வழி சுருங்கியிருக்கும். மிதிக்கும்போது அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது, என்னடா இழுவை கம்மியாக இருக்கிறதே, பழைய வண்டி இப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்வார். பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விட்டு, இறங்கி நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்த வண்டி அன்றைக்கு எங்கும் போகக் கூடாது. டிரம்மை உரசிச் சக்கரத்தை நிறுத்துகிற லைனிங்கில், தேய்ந்ததைவிட எனக்குப் பயம் ஒட்டுவிட்ட லைனிங்தான், ஷூவோடு பசை போட்டு ஒட்டின லைனிங் ஈரத்தில் பல வருஷம் நின்றால் முழுசாகவே பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும்.

பெட்ரோல் விஷயம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் நீட்டவில்லை. சில மாதம் நின்றாலே அது கெட்டுப்போய்க் கார்பரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படியும், டேங்கின் அடியில் துரு உட்கார்ந்திருக்கும், ஓட்டத்தில் குலுங்கினதும் அது கிளம்பி ஃபில்டரை அடைக்கும். இப்போது பல இடங்களில் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததில்லை, மெத்தென்று ஊறிக் கசியும். கசிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்ஜின் புகை வெளியேறுகிற சூடான மேனிஃபோல்டு. ஓட்டுவதானாலும் ஏற்றுவதானாலும் ஒரு தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாங்குகிறவர்கள் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறார்களே, அதில் ஏன் எதுவும் தெரிவதில்லை? பழைய வண்டியின் கோளாறுகளில் பாதி, சூடேறின பிறகு வருபவை. பழைய மோட்டார் சைக்கிள்களில் பேட்டரி இல்லாமலே பொறியை உண்டாக்குகிற மேக்னெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், விற்பவர் பெருமையாகச் சிரிப்பார். அரை மணி நேரம் ஓடி உள்ளே சுருளும் கண்டென்சரும் சூடானதும் பொறி பலவீனமாகி, வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி அரை மணி நேரம். கார்களில் இக்னிஷன் காயிலும் இதே வேலையைச் செய்யும். ரேடியேட்டரின் உள்வழிகள் பாதி அடைத்திருந்தாலும் தெருச் சுற்றில் தெரியாது, நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகும். பெட்ரோல் குழாய் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் போகிற வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். இதனால்தான் இரண்டு மணி நேர ஓட்டத்தைக் கேட்கிறேன்.

ராத்திரியும் ஓட்டி வந்தேன் என்று கட்டுரையில் படித்ததும் எனக்கு டைனமோ ஞாபகம்தான் வந்தது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தின வண்டிகளில் டைனமோ, அது இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெயருக்குத்தான் சார்ஜ் செய்யும். ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். 1950களின் வண்டிகள் பலவும் 6 வோல்ட், வெளிச்சம் சாலைக்குப் போதாது, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் பின்விளக்கு தெரிவதே சந்தேகம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வருகிற நல்ல மனுஷன் வழக்கம் போல நெகட்டிவை பாடியில் மாட்டிவிட்டால் வேறு வினையே வேண்டாம். ஓட்டி வருவது என்று முடிவானால் பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் ஓட்டவே கூடாது என்கிறவன் என்று என்னை நினைக்க வேண்டாம். தொடர்ந்து ஓட்டத்தில் இருந்த வண்டி, சமீபத்தில் டயரும் ஹோஸும் மாற்றின ரசீது கையில், விற்பவரே "நான் போன மாசம்தான் இதுல வெளியூர் போயிட்டு வந்தேன்" என்கிறார் என்றால், அந்த வண்டியை லாரியில் ஏற்றுவது வீண் செலவு. லாரியில் வந்தால் அது எப்படி ஓடுகிறது, எந்த வேகத்தில் அதிர்கிறது, பிரேக்கை எவ்வளவு முன்னாடி மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாமலே போகும். ஆனால் சாவி வாங்கின அன்றைக்கே கிளம்பாதீர்கள். முடிந்தால் விற்பவர் ஊரிலேயே இரண்டு நாள் தங்குங்கள். முதல் நாள் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபேன் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், ஃபில்டர் இவற்றை மாற்றிவிட்டு, கிரீஸ் அடிக்க வேண்டிய இடமெல்லாம் அடித்துவிட்டு, அந்த ஊரைச் சுற்றியே ஓட்டுங்கள், முதலில் பத்து கிலோமீட்டர், திரும்பி வந்து சக்கரம் தொட்டுப் பார்த்து, ஆயில், தண்ணீர் பார்த்து, அப்புறம் முப்பது, அப்புறம் ஐம்பது. வண்டியை வருஷக்கணக்காக வைத்திருந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார், அதன் குணமெல்லாம் அவருக்குத் தெரியும், என்ன கேட்டாலும் சொல்வார். இந்த வசதி நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைக்காது. இரண்டாவது நாள் சாயந்திரம் மனசுக்குச் சின்ன உறுத்தல் இருந்தாலும் ரிக்கவரி லாரிக்குப் போன் போடுங்கள்.

பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் எந்தத் தேதியிலிருந்து உங்கள் பேரில் செல்லும் என்பதையும் ஓட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவர் பேரில் இருக்கிற இன்சூரன்ஸ் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி ஓட்டுகிறவர்கள் நிறைய.

ஓட்டி வருவதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கடைசியில் எப்போதும் பெர்த்தா பென்ஸில் வந்து நிற்பார்கள். மோட்டார் காரை உருவாக்கின கார்ல் பென்ஸின் மனைவி, 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரில் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனவர். பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார், பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். சரிதான், ஆனால் அந்த வண்டி அப்போது புத்தம் புதுசு. அதை உருவாக்கினது அவருடைய கணவர், அதற்குப் பணம் போட்டதில் அவரும் உண்டு, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று அவருக்குத் தெரியும். நேற்று வரை யாரோ ஒருவர் வைத்திருந்த, உள்ளே யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத வண்டிக்கு அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

இனி ஏற்றி வருவது. இதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. என் பட்டறைக்கு லாரியில் வந்து இறங்கின ஒரு கார் கீறல்கூட இல்லாமல் இருந்தது, தள்ளினால் மட்டும் போக மறுத்தது. குனிந்து பார்த்தால் முன்சக்கரம் ஒன்று நேராகவும் மற்றது வெளியே பார்த்தபடியும் நின்றன. கட்டினவர் கொக்கியை, முன்சக்கரங்களைத் திருப்புகிற கம்பியான ஸ்டீயரிங் டை ராடில் மாட்டி இறுக்கியிருக்கிறார், வழி நெடுக வண்டி குதிக்கக் குதிக்க அது வில்லாக வளைந்துவிட்டது. பக்கத்திலேயே பிரேக் பைப்பும் நசுங்கியிருந்தது. இப்போதைய கார்களில் கொக்கி மாட்டுவதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள், பழைய வண்டியில் அது இருக்காது. சக்கரத்தின் மேல் போட்டு இறுக்குகிற பட்டைகள் இருக்கின்றன, அவைதான் நல்லது, வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், சக்கரம் மட்டும் அசையாது. அது இல்லையென்றால் ஆக்சிலில் மெத்தை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். எங்கே கட்டக் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுவது என் வழக்கம். டிரைவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, தெரிந்தால் அவர்களுக்கும் நல்லதுதான்.

திறந்த லாரியா மூடின லாரியா என்றால், மூடினதற்குக் காசு கூட. மழை, கல், தூசி படாது, வழியில் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இனிமேல்தான் பெயின்ட் அடிக்கப்போகிற வண்டிக்கு எதற்கு அது? திறந்ததே போதும், இரண்டு தட்டு வண்டியாக இருந்தால் மேல்தட்டைக் கேளுங்கள், கீழே இருந்தால் மேலே நிற்கிற வண்டியின் ஆயில் உங்கள் வண்டி மேல்தான் சொட்டும். திறந்த லாரியில் துணி உறை போட்டு அனுப்பாதீர்கள். காற்றில் அடித்துக்கொள்கிற உறைக்குள் தூசி புகுந்து வழி முழுக்கப் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே வரும். பானட் பின்பக்கம் கீல் வைத்ததா முன்பக்கமா என்று பார்த்து, எதிர்க்காற்று அதைத் தூக்காத திசையில் ஏற்றச் சொல்ல வேண்டும், பின்பக்கம் கீல் உள்ள கதவு இருந்தால் அதையும் கட்ட வேண்டும். துணிக் கூரை வண்டியைப் பின்னோக்கி ஏற்றினால் கூரை கிழிந்து வரும். தாழ்வான வண்டி, நீண்ட பின்பகுதி உள்ள வண்டி என்றால் ரேம்ப் எவ்வளவு சரிவு என்று முன்பே கேட்டுவிடுங்கள், சைலன்சர் தட்டும். ஓடாத வண்டி என்றால் கம்பி வடத்தால் இழுத்து ஏற்றுகிற வின்ச் உள்ள லாரி வேண்டும், வாடகையும் மாறும், அதை மறைத்து வண்டி எடுக்க வந்த இடத்தில் சொன்னால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் போதும், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், கழன்று விழக்கூடிய பேட்ஜ், வீல் கப், கண்ணாடி இவற்றைக் கழற்றிக் கையோடு எடுத்து வாருங்கள். இவை லாரியில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது, காசு கொடுத்தாலும் சில பேட்ஜ்கள் இன்றைக்கு எங்கும் இல்லை.

மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டவே கூடாது, முன்சக்கரத்தைத் தாங்கியில் பொருத்தி, நிமிர்த்தி, நாலு பக்கமும் பட்டை. முன் ஃபோர்க்கை அடிமட்டம் வரை அழுக்கி இறுக்குவது சிலரின் பழக்கம், சீல் பிதுங்கி ஆயில் ஒழுகும். பாதி அழுத்தம் போதும்.

இப்போது அதிகம் பேர் பார்க்காமல் விடுகிற விஷயம். லாரிக்காரரோ கப்பல்காரரோ "எங்க பொறுப்பு சார்" என்று சொல்வதற்கு ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவு பல இடங்களில் எடைக் கணக்கு. நாடு விட்டு நாடு சாலை வழியாகச் சரக்கு எடுத்துப் போவதற்கான 1956ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில், பின்னால் 1978இல் வந்த திருத்தத்தின்படி, கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர்தான் உச்சவரம்பு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கிற கணக்கு அலகு. 700 கிலோ காருக்கு இது 6,000 எஸ்டிஆரைத் தொடாது, 150 கிலோ பைக் என்றால் 1,250க்குள் முடிந்துவிடும். கப்பலில், கடல் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் இடங்களில் ஓர் உருப்படிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2, எது அதிகமோ அது. பழைய வண்டியின் மதிப்பு எடையில் இல்லை என்பது அந்த விதிக்குத் தெரியாது. அதனால் நீங்களே தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், அதிலும் வண்டி இன்ன மதிப்பு என்று முன்பே நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒத்துக்கொண்ட பாலிசியாக எடுக்க வேண்டும். 'முழு நஷ்டத்துக்கு மட்டும்' என்று ஒரு வகை மலிவாகக் கிடைக்கும், அதில் டை ராடு வளைந்தால் பைசா வராது, கப்பல் மூழ்குவது போல வண்டி முழுசாகப் போனால்தான் வரும்.

மூழ்குமா என்று சிரிக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய 4,000 கார்களோடு அட்லாண்டிக்கில் தீப்பிடித்த ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல், மார்ச் 1 அன்று மூழ்கிவிட்டது. கப்பல் மூழ்காவிட்டாலும் செலவு வரலாம். ஆபத்திலிருந்து கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மிகப் பழைய கடல் வழக்கம். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கின எவர் கிவன் கப்பலிலும் அதைத்தான் அறிவித்தார்கள். தன் சரக்குப் பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லாதவர்களும் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே பெட்டியை எடுக்க முடியும். இன்சூரன்ஸ் இருந்தால் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, கடல் தாண்டி அனுப்புவதானால் போய்ச் சேரும் நாட்டின் விதியை முதலில் படியுங்கள். ஆஸ்திரேலியா 2003 கடைசியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்திருக்கிறது, பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் அது இருக்கும், வண்டி துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

செலவுக் கணக்கு போடும்போது லாரி வாடகையை வெறும் பெட்ரோல் செலவோடு ஒப்பிடுகிறார்கள், அது தப்புக் கணக்கு. ஓட்டி வந்தால் வழியில் தங்குவது, கூட வருகிறவர் செலவு, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய உதிரி சாமான், பாதி வழியில் நின்றால் ரிக்கவரி லாரி, இவ்வளவும் சேரும். அந்த ரிக்கவரி லாரி அவசரத்துக்கு அழைப்பது என்பதால், முன்கூட்டியே பேசி வைத்த லாரியைவிட எப்போதும் அதிகம் கேட்பார்கள், அதில் வருகிறவருக்குப் பழைய வண்டியை எங்கே கட்டுவது என்றும் தெரிந்திருக்காது. அவசரமில்லை, திரும்பிப் போகும்போது காலியாகப் போகிற லாரியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், வாடகை நன்றாகவே குறையும்.

ஏற்றும் இடத்தில் யாராவது நம்பகமான ஆள் நின்று நாலு பக்கமும், அடியிலும், உள்ளேயும், மீட்டரையும் போட்டோ எடுக்கட்டும். டிரைவரிடம் இருக்கிற தாளில் ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் எழுதவைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இறக்கும்போது அதே தாளை வைத்துக்கொண்டு அதே இடங்களைப் பாருங்கள், வண்டி வந்த சந்தோஷத்தில் டிரைவர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் அப்புறம் எதைக் காட்டினாலும் "அப்பவே சொல்லியிருக்கணும்" என்பார்கள். லாரிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வந்து சேரும், டிரைவருக்கு அவசரம் இருக்கும். அப்படியானால் 'இருட்டில் இறக்கியது, சோதித்துப் பார்க்கவில்லை' என்று அந்தத் தாளிலேயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். விடிந்ததும் முதல் வேலையாக அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது இருந்தால் போட்டோவோடு அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்